சுவருக்கு அந்தப் பக்கம்

(வீடு கட்டும் பொறியாளர்களும் ஒப்பந்தக்காரர்களும் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"வீட்டுக்குள் கோல்ஃப் ஆடும் அறைக்கு ஒலித்தடுப்பு" என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். அது வசதி படைத்தவர்கள் வீட்டு விவகாரம், நமக்கு எதற்கு என்று உங்களில் சிலர் நினைத்திருக்கலாம். நான் இந்தத் தலைப்பை விரும்பி ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு கட்டடத்துக்குள் சத்தம் எத்தனை வழியாகப் போக முடியுமோ அத்தனை வழியிலும் போகிற அறை இது. காற்றில் போகும், தளத்தில் இறங்கும், சட்டத்தில் ஏறும், கதவிடுக்கில் கசியும். இந்த ஓர் அறையை அடக்கத் தெரிந்தவருக்கு ஹோம் தியேட்டர், மிருதங்க வகுப்பு, உடற்பயிற்சிக் கூடம், மாடி வீட்டுக் கிரைண்டர் எல்லாமே கைவசப்படும்.

அந்த அறையைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பக்கச் சுவருக்கு முன்னால் தடித்த நெசவுத் திரை தொங்கும். புரொஜெக்டர் அதில் ஒரு மைதானத்தைக் காட்டும். மூன்று மீட்டர் தள்ளிப் பச்சை விரிப்பில் நின்று உண்மையான பந்தை உண்மையான மட்டையால் அடிக்க வேண்டும். கேமராவோ ரேடாரோ பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் அளந்து, அது எங்கே போய் விழுந்திருக்கும் என்று திரையில் வரைந்து காட்டும். தென் கொரியாவில் இது பெரிய தொழில். 2000ஆம் ஆண்டில் டேஜான் நகரில் தொடங்கிய கோல்ஃப்ஸோன் என்ற நிறுவனம் அங்கே திரை கோல்ஃபைத் தெருவுக்குத் தெரு கொண்டுபோய்ச் சேர்த்தது. அமெரிக்காவில் வீட்டு நிலவறையிலும் கார் கொட்டகையிலும் அமைத்துக்கொள்கிறார்கள். இப்போது நம் ஊர்களில், மாடியில் ஓர் அறையை ஒதுக்கி, அமெரிக்க வீடியோக்களைப் பார்த்து அமைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அவர்கள் வீடு மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அறைந்த வீடு. நம்முடையது செங்கல்லும் கான்கிரீட்டும். அவர்களுக்குச் சுவர் மெலிது, நிலவறைக்குக் கீழே மண். நமக்குச் சுவர் கனம், அறைக்குக் கீழே இன்னொரு குடும்பம்.

கோவையில் ஒரு வீட்டில் நான் கற்றுக்கொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாடியில் உரிமையாளர், கீழே வாடகைக்கு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். மாடி அறையில் திரை கோல்ஃப். சத்தம் கீழே போகிறதோ என்று உரிமையாளருக்கே சந்தேகம் வந்து, நான்கு சுவரிலும் கூரையிலும் முக்கோண முக்கோணமாக வெட்டிய பஞ்சை ஒட்டியிருந்தார். உள்ளே நின்று கை தட்டினால் எதிரொலியே இல்லை. "இப்பச் சரியாயிடுச்சுங்க, ஒருக்கா பாத்துச் சொல்லுங்க" என்றுதான் என்னைக் கூப்பிட்டார். நான் மேலே பார்த்ததைவிடக் கீழே போய்ப் பார்ப்பதுதான் முறை என்று இறங்கினேன். டீச்சரம்மா காப்பி கொடுத்தார். எவர்சில்வர் டம்ளரை மேசைமேல் வைத்தார். மேலே ஓர் அடி விழுந்தது. டம்ளரில் காப்பி வளையம் வளையமாக அசைந்தது. அலமாரியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்திருந்த தட்டுகள் மெல்ல ஒரு முறை கிணுகிணுத்து நின்றன.

"சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கலாமுங்க" என்றார் அவர். "அடுத்தது எப்ப உழும்னு காத்துக்கிட்டே இருக்கறதுதான் முடியலீங்க. புஸ்தகம் எடுத்தா ஒரு பக்கம் ஓடறதில்லீங்க."

மேலே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சொன்னா வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவாங்களோன்னு இருந்துட்டனுங்க" என்றார்.

நண்பர்களே, ஒலித்தடுப்பு என்ற வேலை யாருக்காக என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுதாக விளங்கியது. நம்மிடம் பணம் கொடுப்பவர் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறார். நம் வேலையின் பலனை அனுபவிக்கப் போகிறவர் அந்தப் பக்கம் இருக்கிறார். அவரை நாம் பார்ப்பதே இல்லை. அவர் பேசவும் மாட்டார். அவருக்காகப் பேச வேண்டியவர்கள் நாம்தான். இன்று நான் சொல்லப்போகும் கணக்குகள் எல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்.

இனி விஷயத்துக்கு வருவோம். கோல்ஃப் பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது ஆட்ட விதி. ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தின் எடைதான். ஆனால் ஓரளவு நன்றாக ஆடுகிறவர் அடித்தாலே அது நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் புறப்படும். அதாவது மணிக்கு 216 கிலோமீட்டர். அந்த இயக்க ஆற்றலைக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 83 ஜூல் வருகிறது. ஒரு கிலோ படிக்கல்லை எட்டரை மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால் என்ன ஆற்றலோ அது. ஒவ்வோர் அடிக்கும் அந்தப் படிக்கல் உங்கள் திரைமீது விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் நூறு தடவை.

ஓர் அடியில் ஒரு சத்தம்தானே என்று தோன்றும். கண்ணை மூடிக் கேட்டால் நான்கு சத்தம் இருக்கிறது. மட்டை பந்தைத் தொடும்போது எழும் 'டிங்' முதலாவது. தொடும் நேரம் நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் என்பதால் அது ஊசி மாதிரிக் கூர்மையான சத்தம். மட்டையின் அடிப்பகுதி விரிப்பில் மோதும் 'தொம்' இரண்டாவது. அயர்ன் என்கிற இரும்பு மட்டையால் தரையிலிருந்து அடிக்கும்போது இது பலமாக வரும். பந்து திரையில் மோதும் 'பொத்' மூன்றாவது. திரையிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்து உருளும் 'டக் டக்' நான்காவது. நான்கும் நான்கு வழியில் போகின்றன. நான்குக்கும் மருந்து வேறு வேறு. கோவை வீட்டில் நடந்தது என்னவென்றால், முதல் சத்தத்துக்குத் தெரிந்த மருந்தை நான்குக்கும் தடவியிருந்தார்கள்.

பஞ்சு என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒலியை விழுங்குவது ஒரு வேலை, ஒலியைத் தடுப்பது வேறு வேலை. விழுங்கும் வேலையைக் கணக்காக மாற்றித் தந்தவர் வாலஸ் சபீன். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக்கூடத்தின் புதிய சொற்பொழிவு அறையில் யார் பேசினாலும் ஒரு சொல்கூட விளங்கவில்லை. ஒரு சொல்லின் ஓசை அடங்க ஐந்து விநாடிக்கு மேல் ஆனதால் அடுத்தடுத்த சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. இளம் இயற்பியல் ஆசிரியரான சபீனிடம் சரிசெய்யச் சொன்னார்கள். பக்கத்து அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து அடுக்கி, ஆர்கன் குழலை ஊதி, ஓசை அடங்கும் நேரத்தைக் கடிகாரத்தால் அளந்தார். மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. அதிலிருந்து வந்த சூத்திரத்தைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம்: அறையின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, அறை விழுங்கும் மொத்தப் பரப்பால் வகுத்தால் ஓசை அடங்கும் நேரம்.

நம் அறைக்கு அதைப் போட்டுப் பார்ப்போம். ஐந்து மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம் என்றால் 60 கனமீட்டர். பூச்சுச் சுவரும் டைல்ஸ் தரையுமாக வெறுமையாக இருந்தால் நூற்றில் மூன்று பங்குதான் விழுங்கும். ஓசை அடங்க மூன்று விநாடிக்கு மேல் ஆகும். இருபத்தைந்து சதுர மீட்டருக்கு நல்ல கனிமக் கம்பளிப் பலகையைத் துணி போர்த்தி மாட்டினால் அரை விநாடிக்கும் கீழே வந்துவிடும். உள்ளே சுழலும் ஓசையின் அளவு 9 டெசிபெல் வரை குறையும். அடிக்கிறவர் காதுக்கு இது அவசியம். 2008இன் இறுதியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் நார்விச் மருத்துவர்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். 55 வயதுக்காரர். மெல்லிய முகம் கொண்ட டைட்டானிய மட்டையால் வாரம் மூன்று முறை, பதினெட்டு மாதம் ஆடியிருந்தார். காதில் ஓயாத இரைச்சல், கேட்கும் திறனும் குறைந்துவிட்டது. அத்தகைய மட்டைகளை அளந்து பார்த்தபோது அடியின் உச்சம் 120 டெசிபெல்லைத் தாண்டியது. அவர் ஆடியது திறந்த மைதானத்தில். நாமோ அதே மட்டையை நான்கு சுவருக்குள் கொண்டுவருகிறோம்.

ஆகவே விழுங்கும் பலகை உள்ளே இருப்பவருக்கு நல்லது. அடுத்த வீட்டுக்குக் காற்று வழியே போவதும் அந்த அளவுக்குக் குறையும். ஆனால் சத்தத்தைத் தடுக்கிற வேலையை அதனிடம் கேட்கக்கூடாது. தடுப்பது கனம். ஒரு சதுர மீட்டர் பஞ்சு ஒன்றரை கிலோகூட இருக்காது. நம் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒரு சதுர மீட்டருக்கு நானூறு கிலோவுக்கு மேல். சுவரின் கனம் இரட்டித்தால் தடுப்பு 5, 6 டெசிபெல் கூடும் என்பது இயற்கை விதி. நானூறோடு ஒன்றரையைக் கூட்டினால் என்ன கூடும் என்று நீங்களே பாருங்கள்.

பஞ்சைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்தால் மன்னியுங்கள். 2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் 'தி ஸ்டேஷன்' என்ற இசை விடுதியில் மேடை மத்தாப்பின் பொறி, ஒலிக்காக ஒட்டியிருந்த பஞ்சில் பட்டது. நூறு பேர் இறந்தார்கள். 2013 ஜனவரி 27 அன்று பிரேசிலின் சாந்தா மரியா நகரில் 'கிஸ்' விடுதியில் அதே கதை, 242 உயிர். பாலியூரித்தேன் பஞ்சு எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் சயனைடு வாயுவும் கிளம்பும். தீயைவிடப் புகைதான் முதலில் கொல்லும். புரொஜெக்டர், கணினி, ஏ.சி. வயர்கள் எல்லாம் ஓடுகிற ஓர் அறைக்கு அந்தப் பஞ்சைச் சுவர் முழுக்க ஒட்டுவது பெட்ரோலில் நனைத்த திரைச்சீலை மாட்டுவதற்குச் சமம். சிலர் சுவரில் ஒட்டும் முட்டை அட்டையும் அப்படித்தான். கனிமக் கம்பளி எரியாது. விலையும் எட்டாத விலை இல்லை. தயவுசெய்து அதையே போடுங்கள்.

இப்போது தடுப்பு. செங்கல் சுவர் நமக்கு இயற்கையாகக் கிடைத்த வரம். இருபுறமும் பூசிய ஒன்பது அங்குலச் சுவர் சுமார் 50 டெசிபெல் தடுக்கும். அதாவது இலட்சத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் மறுபக்கம் போகும். அமெரிக்கர்கள் நான்கு அடுக்குப் பலகை, ரப்பர் பசை, சிறப்புச் சட்டம் என்று தேடித் தேடிச் சேர்ப்பதை நம் கொத்தனார் ஒரு வாரத்தில் கட்டிக் கொடுத்துவிடுகிறார். ஆனால் அந்தச் சுவரைக் கெடுப்பது எது தெரியுமா? கதவுக்குக் கீழே இருக்கும் ஒரு விரல் இடைவெளி. தொள்ளாயிரம் மில்லிமீட்டர் அகலக் கதவுக்குக் கீழே பத்து மில்லிமீட்டர் சந்து. பதினைந்து சதுர மீட்டர் சுவரில் அது பத்தாயிரத்தில் ஆறு பங்குதான். அந்த ஆறு பங்கு வழியாகவே ஓசை போய், சுவரும் கதவும் எவ்வளவு உயர்வாக இருந்தாலும், மொத்தத் தடுப்பை 32 டெசிபெல்லில் நிறுத்திவிடும். ஐம்பதுக்குக் கட்டிய சுவர் முப்பத்திரண்டாகிவிட்டது. தண்ணீர்த் தொட்டியில் ஓர் ஊசி ஓட்டை இருந்தால் எப்படியோ அப்படி.

சந்து எங்கே என்று கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். ஓர் ஊதுபத்தி போதும். ஜன்னல், கதவை அடைத்துவிட்டுக் கழிவறைக் காற்றாடியைப் போட்டுவிடுங்கள். ஊதுபத்தியை எடுத்துக்கொண்டு கதவு நிலையைச் சுற்றி, ஏ.சி. குழாய் நுழையும் ஓட்டை, சுவிட்ச் போர்டு, ஜன்னல் சட்டத்தின் மூலை என்று மெதுவாக வாருங்கள். புகை நேராக எழும் இடத்தில் கவலை இல்லை. சடாரென்று ஒரு பக்கம் இழுபடும் இடத்தில் உங்கள் பணம் போய்க்கொண்டிருக்கிறது. இரவில் உள்ளே விளக்கைப் போட்டு வெளியே நின்றால், ஒளிக் கீற்று தெரிகிற இடமெல்லாம் ஒலிக்கும் வழி. நிலைக்கும் சுவருக்கும் நடுவே இறுகாத மீள்பசை, கதவைச் சுற்றி ரப்பர் விளிம்பு, கீழே மூடும்போது தானே இறங்கும் தடுப்புப் பட்டை, உள்ளீடற்ற ஃப்ளஷ் கதவுக்குப் பதில் கனமான திடக் கதவு. இந்த நான்கையும் முதலில் செய்யுங்கள். சுவர்மேல் கை வைப்பது அதற்குப் பிறகுதான்.

சுவரில் வேலை செய்தே ஆக வேண்டுமானால் ஓர் எச்சரிக்கை. சுவரை ஒட்டி ஒரு சென்டிமீட்டர் சந்து விட்டு மெல்லிய பலகை அடித்தால், பலகையும் சந்தில் அடைபட்ட காற்றும் சேர்ந்து எடையும் ஸ்பிரிங்குமாக ஆடத் தொடங்கும். சதுர மீட்டருக்கு இருபது கிலோ பலகைக்கு அந்த ஆட்டம் ஏறத்தாழ 130 ஹெர்ட்ஸில் வரும். அந்தச் சுருதியில் தடுப்பு முன்பைவிடக் குறையும். அலங்காரப் பலகை அடித்தபிறகு பக்கத்து அறையில் அதிகமாகக் கேட்கிறது என்று சிலர் சொல்வது கற்பனை அல்ல. அதே பலகையைச் சுவரைத் தொடாத தனிச் சட்டத்தில் பத்து சென்டிமீட்டர் தள்ளி நிறுத்தி, நடுவில் கம்பளியை நிரப்பினால் ஆட்டம் 40 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கிவிடும். பலன் அதற்கு மேலேதான் தொடங்கும்.

இவ்வளவும் காற்றில் போகும் ஓசைக்கு. டீச்சரம்மாவின் டம்ளரை ஆட்டியது காற்றல்ல, கான்கிரீட். கான்கிரீட் ஓசைக்கு நெடுஞ்சாலை. மேலே தட்டினால் தளம், பீம், தூண் என்று வீடு முழுக்க ஓடும். ஒலித்தடுப்பின் கடினமான பாதி இதுதான்.

இதற்கு முதல் மருந்து செலவு குறைந்தது: ஆற்றலைத் தளத்தில் இறங்க விடாமல் திரையிலேயே தீர்த்துவிடுவது. திரையை மத்தளத் தோல் மாதிரி இறுக்கிக் கட்டினால் அது மத்தளமாகத்தான் ஒலிக்கும், பந்தும் அடித்தவரை நோக்கித் திரும்பி வரும். படத்தில் சுருக்கம் விழாத அளவுக்கு மட்டும் இழுத்து, மீள்கயிற்றால் கட்டுங்கள். பின்னால் சுவருக்கும் திரைக்கும் நடுவே முப்பது, நாற்பது சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். அதில் ஒரு கனமான போர்வையைத் தளர்வாகத் தொங்கவிட்டால் 'பொத்' என்பதில் பாதி அங்கேயே அடங்கும். திரையைத் தாங்கும் குழாய்ச் சட்டத்தைக் கூரையிலும் சுவரிலும் போல்ட் போட்டு முடுக்காதீர்கள். தன் காலில் நிற்கட்டும், காலுக்கு ரப்பர் செருப்பு போடுங்கள். பந்து விழும் இடத்தில் தடித்த விரிப்பு.

இரண்டாவது மருந்து மிதக்கும் தரை. தளத்தின்மேல் ரப்பர் மெத்தைகள், அவற்றின்மேல் கனமான மேடை. மேடைக்கும் சுவருக்கும் நடுவே சுற்றிலும் பத்து மில்லிமீட்டர் இடைவெளி. மேடையின் எடையில் ரப்பர் இரண்டரை மில்லிமீட்டர் அமுங்கினால் மேடையின் இயல்பான ஆட்டம் நொடிக்குப் பத்து. அதற்கு மூன்று மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகள், அதாவது 30 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளவை, கீழே இறங்கத் திணறும். மேடை இலேசாக இருந்தால் ரப்பர் அமுங்காது, ஆடுகிறவர் காலுக்கும் தள்ளாட்டமாக இருக்கும். எனவே இரண்டு ப்ளைவுட்டுக்கு நடுவே சிமெண்ட் பலகை வைத்துக் கனம் சேர்க்க வேண்டும். மொத்தத்தில் ஒரு சாண் உயரம் போகாவிட்டாலும் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் போகும். மட்டையை ஓங்கிச் சுழற்ற 2.7 மீட்டராவது, நல்லபடியாக ஆட மூன்று மீட்டர் உயரம் வேண்டும் என்பதை மறந்துவிட்டு மேலே ஃபால்ஸ் சீலிங்கும் கீழே மேடையும் போட்டால், அறை அமைதியாக இருக்கும், ஆடத்தான் முடியாது. கோவை வீட்டில் கூரைக்கு மேலே மொட்டை மாடிதான் என்பதால் கூரையைத் தொடவில்லை. உயரம் முழுவதையும் தரைக்குக் கொடுத்தோம்.

அந்த முடிவுக்கு உரிமையாளரை வரவைக்க நான் கணக்கு எதுவும் சொல்லவில்லை. டீச்சரம்மாவிடம் அனுமதி கேட்டு, உரிமையாளரைக் கீழே அவருடைய நாற்காலியில் உட்காரச் சொன்னேன். மேலே போய் நானே மட்டையை எடுத்து அடித்தேன். எனக்கு ஆடத் தெரியாது, இருந்தாலும் விரிப்பில் மோதத் தெரியும். பத்து அடி முடிவதற்குள் கைப்பேசி அடித்தது. "போதுங்க, நிறுத்திருங்க" என்றார். அவர் நல்ல மனிதர். அதுவரை அவர் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை, அவ்வளவுதான்.

மேடை முடிந்தது. ஊதுபத்தி வைத்துக் கதவையும் சரிசெய்தோம். அடித்துப் பார்த்தால் கீழே 'தொம்' குறைந்திருக்கிறது, போகவில்லை. கணக்குப்படி இன்னும் குறைந்திருக்க வேண்டும். மேடைமேல் மண்டியிட்டு, ஒருவரை அடிக்கச் சொல்லி, சுற்றிலும் சுவரின் அடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டே நகர்ந்தேன். வடகிழக்கு மூலையில் கைக்கு அதிர்வு தெரிந்தது. விரிப்பைத் தூக்கினால் நான்கு நீள ஸ்குரூ. மேடையைத் துளைத்துக் கான்கிரீட்டில் இறங்கியிருந்தன. ஆசாரியைக் கேட்டேன். "ஆட்டங் குடுத்துச்சுங்க, அதான் நாலு ஸ்குரூ போட்டு இறுக்கி உட்டனுங்க" என்றார்.

அவர்மேல் குற்றமே இல்லை. ஆடாமல் அசையாமல் நிற்க வைப்பதுதான் அவர் வாழ்நாள் தொழில். இந்த ஒரு மேடை ஆட வேண்டும் என்று யாராவது அவருக்குச் சொன்னோமா? நானும் சொல்லவில்லை. வரைபடத்தில் போட்டிருந்தேன், வாயால் சொல்லவில்லை. இருபது சதுர மீட்டர் மேடையின் பலனை நான்கு ஸ்குரூ தின்றுவிட்டது. நண்பர்களே, ஒலி வேலையில் தோல்வி பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. பொருள் சரியாக இருக்கும், கணக்கு சரியாக இருக்கும். எங்கோ ஓர் ஆணி, சுவரைத் தொட்ட ஒரு ஸ்கர்ட்டிங், இடைவெளியில் வழிந்து இறுகிய ஒரு கரண்டி சிமெண்ட் எல்லாவற்றையும் பாலம் போட்டு இணைத்துவிடும். அன்றிலிருந்து வேலை தொடங்கும் முன் ஆசாரி, கொத்தனார், எலக்ட்ரீஷியன் எல்லாரையும் அந்த அறையில் உட்காரவைத்து, இது ஏன் எதையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறேன். காரணம் தெரிந்துவிட்டால் அவர்கள் நம்மைவிடக் கவனமாகச் செய்வார்கள்.

சந்தெல்லாம் அடைத்த அறையில் காற்று எங்கிருந்து வரும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். ஸ்பிளிட் ஏ.சி. உள்ளிருக்கும் காற்றையே குளிர்வித்துத் தரும், புதுக் காற்றைக் கொண்டுவராது. நான்கு பேர் ஒரு மணி நேரம் ஆடினால் தலை கனக்கும். உள்ளே கம்பளி பதித்து, இரண்டு திருப்பம் வைத்த குழாய் வழியாகச் சிறிய காற்றாடியால் காற்று கொண்டுவாருங்கள். காற்று வளைந்து வரும், ஓசை அந்தத் திருப்பங்களில் கரைந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல். இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 2016 பதிப்பில் ஒலிக்கென்றே ஒரு பகுதியும் இருக்கிறது. ஆனால் நான் பார்த்த வீடுகளில் சாவி கொடுக்கும் நாளில் இதை அளந்து காட்டியவரை நான் சந்தித்ததில்லை. தென் கொரியாவில் மாடிக்கும் மாடிக்கும் இடைப்பட்ட சத்தம் என்பதற்குத் தனிச்சொல்லே இருக்கிறது. அந்த அளவுக்கு அது அன்றாடப் பிரச்சினை. இரண்டரைக் கிலோ ரப்பர் பந்தை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து மேல்தளத்தில் போட்டுக் கீழே அளக்கும் முறை உண்டு. குழந்தை குதிப்பதற்கு ஈடான அடி அது. 2022 ஆகஸ்டு முதல், கட்டி முடித்த அடுக்ககங்களிலேயே அளந்து பார்க்கும் நடைமுறையை அங்கே கொண்டுவந்துவிட்டார்கள். காகிதத்தில் காட்டியது போதாது, கட்டியதில் காட்டு என்கிறார்கள். ரப்பர் பந்தும் அளவுகோலும் இங்கே வர எத்தனை ஆண்டு ஆகுமோ, நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு நாற்காலி போதும்.

அதைத்தான் உங்களிடம் கேட்டுக்கொள்ள வந்தேன். கோல்ஃப் அறையோ, பாட்டு வகுப்போ, ஜெனரேட்டர் அறையோ, சத்தம் எழும் எந்த அறையைக் கட்டினாலும் வேலைக்கு முன் ஒரு முறை, முடித்தபின் ஒரு முறை, சுவருக்கு அந்தப் பக்கம் போய் அரை மணி நேரம் உட்காருங்கள். வீட்டுக்காரரையும் உட்காரவையுங்கள். அங்கே இருப்பவரிடம் பேசுங்கள். அவர் தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

கோவையில் அந்த நான்கு ஸ்குரூவையும் கழற்றிய மாலை, டீச்சரம்மா வீட்டில் அதே மேசைமுன் உட்கார்ந்தேன். உரிமையாளர் மேலே போய் ஆடத் தொடங்கிவிட்டதாகக் கைப்பேசியில் தகவல் வந்தது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால், எங்கோ தள்ளி யாரோ தலையணையைத் தட்டுவதுபோல் ஒன்று. தெரு ஓசை வந்தால் அதுவும் இல்லை. காப்பியைப் பார்த்தேன், அசைவில்லை. கால் மணி நேரம் போயிருக்கும். டீச்சரம்மா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "இன்னிக்கு அவரு இன்னும் ஆட ஆரம்பிக்கலீங்களா?" என்று கேட்டார்.

ஆரம்பித்துவிட்டார் என்று சொன்னேன். அவர் பக்கத்தைத் திருப்பிப் படிக்கத் தொடங்கினார்.

 வணக்கம்.